எல்லா வாடிக்கையாளருக்கும் 2147483647 என்ற ஒரே ஃபோன் நம்பர் ஏன்?

கேள்வி: ஜவுளிக்கடை ஒன்றுக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். யாருடைய மொபைல் நம்பரைப் போட்டாலும் 2147483647 என்றே சேமிக்கிறது. இது வைரஸா? இந்த எண்ணில் என்ன விசேஷம்? பழைய நம்பர்களை மீட்க முடியுமா?

பதில்: வைரஸ் இல்லை. ஃபோன் ஃபீல்டை 'இன்ட்', அதாவது முழு எண் வகை, என்று வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கிடைப்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள். கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, மீதி 31 பிட்டும் 1 ஆக நின்றால் வரும் எண்தான் 2147483647. அதாவது, 2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. நம் ஊர் மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம் என்பதால் ஒன்றுகூட இதற்குள் அடங்காது. பொருந்தாத மதிப்பை ஏற்காமல் தடுக்கும் 'ஸ்ட்ரிக்ட் மோட்' சர்வரில் அணைந்திருந்தால், மைஎஸ்கியூஎல் பிழை காட்டி நிறுத்தாமல் உச்ச எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். 'இன்ட்(10)' என்று போட்டாலும் பயனில்லை. அந்த 10 காட்சிக்கான அகலம்தான், கொள்ளளவு அல்ல.

ஃபீல்டை 20 எழுத்து வரை கொள்ளும் எழுத்து வகையான 'வார்சார்(20)' ஆக மாற்றுங்கள், ஸ்ட்ரிக்ட் மோடையும் போட்டுவிடுங்கள். இன்னும் பெரிய எண்களைக் கொள்ளும் 'பிக்இன்ட்' வேண்டாம். ஃபோன் நம்பரை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யமும் + குறியும் தொலைந்துபோகும்.

விசேஷம் கேட்டீர்களே, நிறையவே இருக்கிறது. இது ஒரு பகா எண். 1772-இல் கணித மேதை ஆய்லர் இதைக் கையாலேயே நிறுவினார். அவர் காலத்தில் தெரிந்திருந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆனால் இதை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தர வேண்டும். இந்த இரண்டு வடிகட்டலிலேயே சோதிக்க வேண்டியவை நானூறுக்குள் சுருங்கிவிடுகின்றன. அப்படித் தேறும் முதல் பகா எண் 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35 வரும். கடைசி வரை எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. எவ்வளவு அழகான சிக்கனம்!

அப்புறம், இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் செவ்விய எண் அது. அந்த வரிசையில் எட்டாவது.

பழைய நம்பர்கள் டேபிளில் இல்லை. ஃபீல்டை மாற்றினாலும் திரும்பாது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக், கட்டளைகளை அப்படியே எழுதும் 'ஸ்டேட்மென்ட்' முறையில் ஓடியிருந்தால் அதில் அசல் நம்பர் அப்படியே கிடைக்கும். இல்லாவிட்டால் பில் நகல்தான் வழி. கையோடு 'டைம்ஸ்டாம்ப்' ஃபீல்டுகளையும் பார்த்துவிடுங்கள். 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணும் அதற்கும் இதே எண்தான் உச்சம். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு மேல் அதில் ஏறாது. அதைத் தாண்டும் தேதிகளுக்கு 'டேட்டைம்' வையுங்கள்.