எந்தப் புள்ளி பொய் சொல்கிறது என்று அவளிடம் கேளுங்கள்

வணக்கம் அம்மா.

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள், ராத்திரி பகல் பார்க்காமல் லேப்டாப்பில் உலக வரைபடத்தைத் திறந்துவைத்துப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். புள்ளி வைக்க மட்டும் தெரிந்தால் போடாது. எந்தப் புள்ளி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போடும்.

அவள் பார்ப்பது பெரும்பாலும் ஜிபிஐஎஃப் தளமாக இருக்கும். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்குகிற பன்னாட்டு அமைப்பு அது. எந்த உயிரினம் எந்த இடத்தில் எந்தத் தேதியில் காணப்பட்டது என்ற பதிவுகள் அங்கே 200 கோடிக்கும் மேல் குவிந்துள்ளன. அருங்காட்சியக அலமாரியில் நூறு வருடமாகத் தூங்குகிற வண்டும் அதில் ஒரு வரி, யாரோ ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிந்த காகமும் ஒரு வரி. இயற்கை ஆர்வலர்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பிறர் பார்த்து உறுதி செய்த படங்களும் அங்கே போய்ச் சேர்கின்றன. பெயரைத் தட்டினால் சில நொடிகளில் வரைபடம் வந்துவிடும். அதற்காக யாரும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க மாட்டார்கள்.

மயில் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூடப் புள்ளிகள் விழும். அவை பொய்யல்ல, தோட்டத்தில் அழகுக்கு வளர்த்த பறவைகள் வெளியேறிப் பெருகியவை. ஆனால் மயிலின் இயற்கை வாழிடம் எது என்று ஆராய்பவர் அவற்றையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு கெட்டது. இன்னும் சில புள்ளிகள் நடுக்கடலில் மிதக்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் பதிவானால் அப்படித்தான் ஆகும். இரண்டு கட்டத்திலும் சுழியம் விழுந்துவிட்டால் எந்த உயிரினமாக இருந்தாலும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் போய் நிற்கும். அந்த இடத்துக்கு ‘நல் ஐலண்ட்’ (Null Island, வெற்றுத் தீவு) என்று கிண்டலாகப் பெயரே வைத்துவிட்டார்கள். பழைய அருங்காட்சியக மாதிரிகள் சிலவற்றில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். அப்போது யாரோ அந்த நாட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிடுவார்கள்.

வேண்டுமென்றே தள்ளி வைக்கப்பட்ட புள்ளிகளும் உண்டு. வேட்டைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, அழியும் நிலையில் உள்ள இனங்களின் இருப்பிடத்தை ஐநேச்சுரலிஸ்ட் மறைத்துக் காட்டும். 0.2 பாகை அகல நீளமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் புள்ளி விழும். நிலநடுக்கோட்டருகே அந்தக் கட்டத்தின் ஒரு பக்கமே 20 கிலோமீட்டருக்கு மேல். இது தெரியாமல் அந்தப் புள்ளியின் உயரத்தையும் மழையளவையும் எடுத்து, அந்த இனம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணித்தால், பள்ளத்தாக்குத் தவளை மலை உச்சியில் குடியேறிவிடும். இத்தனைக்கும் மேலே இன்னொன்று: புள்ளிகள் சாலையோரத்திலும் நகரத்தைச் சுற்றியும்தான் மொய்க்கும். விலங்கு அங்கே அதிகம் என்று அதற்கு அர்த்தமில்லை, மனிதர்கள் அங்கே அதிகம் நடந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு புள்ளிக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நினைப்பீர்கள். அழிவாபத்து இனங்களின் சிவப்புப் பட்டியலைத் தயாரிக்கும்போது, ஓர் இனத்தின் கடைக்கோடிப் புள்ளிகளைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டினாற்போல் எல்லை வரைந்து பரப்பளவு கணக்கிடுவார்கள். பிற நிபந்தனைகளும் பொருந்தினால், 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே ஒரு நிலை, 5,000-க்குக் கீழே அதைவிட மோசமான நிலை. ஜியோகேட் என்ற இணையக் கருவி இந்தக் கணக்கை உடனே போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் தப்பான ஒரே ஒரு புள்ளி தூரத்தில் விழுந்தால் ரப்பர் பேண்ட் அதுவரை இழுபடும். அழிந்துகொண்டிருக்கிற இனம் தாளில் சௌக்கியமாகத் தெரியும். அதைப் பிடிக்கிற கண்ணுக்குத்தான் சம்பளம்.

வேலை எங்கே? சாலை, அணை, காற்றாலை வருமுன் சுற்றுச்சூழல் தாக்கத்தை ஆராயும் ஆலோசனை நிறுவனங்கள், வனவிலங்கு அமைப்புகள், பயிர்ப்பூச்சி பரவலையும் நோய் பரப்பும் கொசுக்களையும் கண்காணிக்கும் ஆய்வுக் குழுக்கள், மாதிரிகளை மின்மயமாக்கும் அருங்காட்சியகங்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: வனவிலங்கு மட்டும்தான் என்று பிடிவாதம் பிடித்தால் இடங்கள் குறைவு, பெரும்பாலும் திட்டம் முடிகிறவரைதான் ஒப்பந்தம். ஆனால் குடிநீர்க் குழாய், செல்போன் கோபுரம், வெள்ள அபாயம் என எதை வரைபடமாக்கினாலும் இதே கைப்பழக்கம்தான். அந்தக் கதவு அவளுக்கு எப்போதும் திறந்திருக்கும்.

உடனே பணம் கட்டிச் சான்றிதழ் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) என்ற நிரல்மொழியும் இலவசம். கல்லூரியிலேயே கிடைக்கிற புள்ளியியல் பாடத்தைத் தட்டிக்கழிக்காமல் இருந்தால் போதும். (விலங்கியல் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஓடுவது எனக்குப் பழகிய காட்சி.) ஒரு மாணவன் நான்கு சான்றிதழும் வண்ண வண்ண வரைபடங்களும் கொண்டுவந்து காட்டினான். “இதற்கு எத்தனை வரிகளை நீக்கினாய், ஏன்?” என்று கேட்டேன். “எதையும் நீக்கலையே சார்” என்றான். நேர்முகத் தேர்விலும் அவனிடம் அதையேதான் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் மகள் ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஜிபிஐஎஃப்பிலிருந்து பதிவுகளை இறக்கினால் அந்தப் பதிவிறக்கத்துக்கென்றே டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துவைக்க வேண்டும். எத்தனை வரி வந்தது, எத்தனை போனது, ஒவ்வொன்றும் எதற்காகப் போனது என்று கூடவே ஒரு கோப்பு. இடத் துல்லியம் எத்தனை மீட்டர் என்று அந்த அட்டவணையில் ஒரு நெடுவரிசை இருக்கும், பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அவள் பார்க்கட்டும். மிஞ்சிய புள்ளிகளை இணைய வரைபடம் செய்ய உதவும் லீஃப்லெட்டில் போட்டு, தொட்டால் தேதியும் மூலமும் தெரிகிற மாதிரி இணையத்தில் ஏற்றட்டும். நடுவில் சில நாள் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்த் தானே பத்துப் பதிவுகள் சேர்த்தால், தப்பு எப்படி நேர்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

இன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் எந்தப் புள்ளியை நீ நம்பவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். முதுகலையில் எந்தப் பாடம் என்பதை அதை வைத்துப் பேசலாம்.