பயிற்சிக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பணிக்கு வந்த நாளிலிருந்து சொன்ன பயிற்சிக்கெல்லாம் போயிருக்கிறேன். கற்பித்தல் முறைகள், மதிப்பீடு, டிஜிட்டல் வகுப்பறை என்று ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன. மின்சாரப் பாடம் எடுக்க வகுப்பில் நிற்கும்போது அந்தக் கோப்பிலிருந்து எதுவும் உதவிக்கு வருவதில்லை. பிள்ளைகள் தேர்வில் ஓம் விதியைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். மறுநாள் கேட்டால், "முதல் பல்பு கரண்டைக் கொஞ்சம் எடுத்துக்கும், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்" என்கிறார்கள்.

இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, இரண்டு நாள் ரோபாட்டிக்ஸ் பயிலரங்கு. மற்றது, அறிவியல் ஆசிரியர்களுக்கான பன்னிரண்டு வார இணையவழிப் படிப்பு. ஒன்றுக்குத்தான் எனக்கு நேரமிருக்கிறது. எதற்குப் போகலாம்? ஜெனீவாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் போன்றவை பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அதெல்லாம் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படுமா?

எம்.

அன்புள்ள எம்.,

"மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்" என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். (உண்மையில் தொடர் இணைப்பில் இரண்டு பல்பிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான்.) உங்களிடம் வரும் எந்தப் பயிற்சியையும் அதை வைத்தே எடைபோடலாம். அந்த எண்ணம் ஏன் வருகிறது, எதைக் காட்டினால் அசையும், காட்டும்போது எது சொதப்பும் என்று சொல்லித்தருகிற பயிற்சிக்குப் போகலாம். மற்றவை கோப்பின் கனத்தைத்தான் கூட்டும்.

இதற்கு ஆதாரம் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த பிலிப் சாட்லரும் அவருடைய குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடுநிலை வகுப்புகளின் அறிவியல் ஆசிரியர்கள் 181 பேரிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்து இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: சரியான விடை எது? உங்கள் மாணவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது? தவறான எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கும் கேள்விகளில், இரண்டாவது கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஆசிரியர்களின் மாணவர்களே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பாட அறிவு இல்லாமல் முடியாது, அது மட்டும் இருந்தாலும் போதாது. பெரும்பாலான பயிற்சிகள் பாட அறிவைப் புதுப்பிக்கும், அல்லது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் பொதுவான 'முறை'யைச் சொல்லித்தரும். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

உங்கள் மின்சாரப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நல்ல பயிலரங்கில் ஆசிரியர்கள் கையில் 1.5 வோல்ட் செல் இரண்டு, 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு இரண்டு, ஹோல்டர், ஒயர் கொடுப்பார்கள். தொடர் இணைப்பில் எந்த பல்பு பிரகாசமாக எரியும், ஏன் என்று இணைப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் பேனாவால் எழுத வேண்டும். பிறகு இணைத்துப் பார்க்க வேண்டும். எழுதியதும் கண்டதும் எங்கே முரண்படுகின்றன என்று விளக்க வேண்டும். முன்கூட்டியே எழுதவைப்பதை விட்டால் பயிற்சி வீண். வாயால் மட்டும் சொல்லவைத்தால், பல்பு எரிந்ததும் "நான் அதைத்தான் நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், பழைய எண்ணம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

அடுத்து, சொதப்பல்கள். ஒரே பெட்டியில் வந்த பல்புகள்கூட ஒன்றுபோல் இருக்காது, ஒன்று சற்றுக் கூடுதலாக எரியும். அது தற்செயலாக செல்லின் நேர்முனைப் பக்கம் இருந்துவிட்டால், "பாத்தீங்களா, முதல் பல்புக்குத்தான் நிறையக் கிடைக்குது" என்று வகுப்பே சொல்லும். இரண்டையும் இடம் மாற்றுங்கள். பிரகாசம் பல்போடு சேர்ந்து நகரும், இடத்தோடு நிற்காது. பாடத்தின் உயிரே இந்த இடமாற்றம்தான். இதைச் செய்துகாட்டாத பயிற்றுநர் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியிருக்க வாய்ப்பில்லை.

இரண்டு செல்தான் என்றால் பல்புக்கு 1.5 வோல்ட்தான் கிடைக்கும், மங்கலாகத்தான் எரியும். அதற்காக மூன்றாவது செல்லைச் சேர்க்காதீர்கள். யாராவது ஒரு பல்பைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்தால் மிஞ்சிய பல்புக்கு 4.5 வோல்ட் பாய்ந்து இழை போய்விடும். அறையை இருட்டாக்குவதே வழி. எல்ஈடி வைத்துச் செய்யலாமே என்று தோன்றும், இந்தப் பாடத்துக்கு அது ஆகாது. சிவப்பு எல்ஈடி ஒன்றுக்கே கிட்டத்தட்ட 2 வோல்ட் வேண்டும். இரண்டைத் தொடராக 3 வோல்டில் போட்டால் இரண்டுமே எரியாது. "கரண்ட் தீர்ந்துபோச்சு" என்ற எண்ணத்துக்கு நாமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும்.

மல்டிமீட்டரில் 200 மில்லி ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகினால் ஃபியூஸ் போக வாய்ப்பு அதிகம். இந்தச் சுற்றில் ஓடுவதே 0.2 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு, அதனால் சுவிட்ச் போட்ட கணத்தில் பாய்வது அதைவிடப் பல மடங்கு. ஃபியூஸ் போனால் சுற்று அறுந்து பல்பும் அணைந்துவிடும். எந்த ஒயர் கழன்றது என்று தேடியே பாடவேளை தீரும். 10 ஆம்பியர் துளையைப் பயன்படுத்துங்கள். பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, ஆகவே மீட்டரை செல்லின் இரு முனைகளுக்கு நேராக யாரும் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பல்புக்கு முன் ஒரு மீட்டர், பின் ஒரு மீட்டர் என்று வைத்தால் 0.22, 0.21 என்று காட்டும். கடைசி இலக்கத்தின் அந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். மீட்டர்களையும் இடம் மாற்றிக் காட்டுங்கள்.

இத்தனையும் ஒரு பாடவேளைக்கான விஷயம். 'செயல்வழிக் கற்றல்' என்று ஸ்லைடில் எழுதிக் காட்டும் பயிற்சியில் இதில் ஒரு வரிகூட வராது. ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். நிரல் தரமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில். ஒரு நாள் பயிற்சியின் ஆறு மணி நேரத்தில் ஆசிரியர்கள் தாங்களே செய்து, எழுதி, வாதிடும் நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், பாதிக்குக் குறைந்தால் யோசியுங்கள். வகுப்பில் செய்துபார்த்துவிட்டு நான்கைந்து வாரம் கழித்து மறுபடி கூடுவதற்கு ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். சிக்கல்களெல்லாம் திரும்பிப் போன பிறகுதானே வரும். ஒரே பள்ளியிலிருந்து இருவர் வரலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியாகப் போய் வருபவரின் உற்சாகம் ஆசிரியர் அறையில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

செலவே இல்லாத பயிற்சி ஒன்று உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் வேரூன்றிய பாட ஆய்வு முறை அது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே ஓரத்தில் எழுதிவைப்பார்கள். ஒருவர் வகுப்பெடுப்பார், மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொள்வார்கள். அன்றே உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். வேறு பிரிவில் இன்னொருவர் அதை நடத்துவார். இது கெட்டுப்போவது இரண்டு வழிகளில். பார்வையாளர்கள் பொறுக்கமாட்டாமல் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுப்பார்கள். இல்லாவிட்டால், கலந்துரையாடல் "நல்லா எடுத்தீங்க சார்" என்பதோடு முடிந்துவிடும். முதல் அரை மணி நேரம் ஆசிரியரைப் பற்றிப் பேசவே கூடாது, குறித்துவைத்த வாக்கியங்களை வாசிக்க மட்டுமே அனுமதி என்று விதி வைத்துவிட்டால் இரண்டாவது சிக்கல் பெரும்பாலும் வராது.

செர்ன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1998 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பன்னாட்டுப் பயிற்சி நடக்கிறது. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். நீங்கள் நடுநிலை வகுப்பு எடுப்பதால் அது உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் அங்கு செய்யும் முகில் அறையை (கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டத் துகள்கள் கடந்துபோகும் தடத்தை ஆவியில் காட்டும் பெட்டி) ஆசிரியர் செயல்விளக்கமாக எங்கும் செய்யலாம். ஒளி ஊடுருவும் பெட்டி, உள்ளே மேற்பக்கம் ஒட்டிய ஃபெல்ட் துணி, அதை நனைக்க 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அடியில் கறுப்பு உலோகத் தகடு, அதற்கும் அடியில் உலர் பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு). பத்து நிமிடம் பொறுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் துகள்கள் போன தடம் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். எதுவும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பெட்டியின் விளிம்பில் காற்றுக் கசிகிறது, அல்லது ஆல்கஹாலில் தண்ணீர் அதிகம். உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியில் இருப்பது. தடித்த கையுறையும் காற்றோட்டமான அறையும் இல்லாமல் தொடவே வேண்டாம், ஆல்கஹால் பக்கத்தில் தீயும் கூடாது.

உங்கள் வகுப்புக்கு இன்னும் நெருக்கமானது நாசா ஆதரவில் 1995 முதல் நடக்கும் குளோப் திட்டம். பயிற்சிப் பாடங்கள் இணையத்தில் இலவசம். மேகம், காற்றின் வெப்பநிலை, மண், நீர் என்று அளந்து அனுப்பலாம். அளவிடும் ஒழுக்கத்தை அது நன்றாகவே கற்றுத்தரும்: வெப்பநிலையை உச்சிப் பொழுதை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், வெப்பமானி வெள்ளை அடித்த கூண்டுக்குள் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டிய வெப்பமானி சுவரின் சூட்டைத்தான் காட்டும். இன்னொன்று, விண்மீன் திரள்களின் படங்களைப் பொதுமக்களே இணையத்தில் வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ திட்டம். அது 2007இல் தொடங்கியது. அதே ஆண்டில் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை அந்தப் படங்களில் விசித்திரமான ஓர் ஒளித்திட்டைக் கண்டு கேள்வி எழுப்பினார். அது இன்று அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. வகுப்போடு சேர்ந்து ஆசிரியரும் விடை தெரியாத இடத்தில் நிற்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படங்களை, அதாவது கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் சோதனைகளை, நீங்கள் பார்த்திருக்கக்கூடும். நல்லவை. ஆனால் நிஜ பல்புக்குப் பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும். திரையில் எல்லா பல்பும் ஒரே அச்சு, எந்த மீட்டரும் தடுமாறாது. ஆதலால் மேலே சொன்ன வாக்குவாதம் எதுவும் அங்கே எழாது.

பயிற்சி வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள எட்டுப் பத்துக் கேள்விகள் போதும். தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்யாதீர்கள், பிள்ளைகள் சொன்னவற்றையே தெரிவுகளாகக் கொடுங்கள். பாடத்துக்கு முன்பும், முடிந்து சில வாரம் கழித்தும் அதே கேள்விகள். முன்னேற்றத்தை, முன்னேற இருந்த இடத்தால் வகுக்க வேண்டும்: வகுப்பின் சராசரி நூற்றுக்கு 40லிருந்து 58 ஆனால், 18ஐ 60ஆல் வகுத்து 0.3. ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் வகுப்புகளை இப்படிக் கணக்கிட்டார். வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் செய்தும் விவாதித்தும் கற்றவற்றின் சராசரி 0.48. அவை மேல்வகுப்பு, கல்லூரி எண்கள், உங்கள் வகுப்போடு நேராக ஒப்பிட வேண்டாம். உங்கள் சென்ற ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிட்டால் போதும்.

இனி உங்கள் இரண்டு வாய்ப்புகள். ரோபாட்டிக்ஸ் பயிலரங்கில் தரும் கருவிகள் பள்ளியிலேயே தங்குமா, உணரிகளை வைத்து வெப்பநிலையோ தொலைவோ அளக்க வைப்பார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' வராவிட்டால் அது மாலைநேரப் பொழுதுபோக்குக்குச் சரி, உங்கள் பாடத்துக்கு உதவாது. பன்னிரண்டு வாரப் படிப்பில் வாராவாரம் வகுப்பில் செய்துபார்த்து மாணவர்களின் விடைத்தாளைப் பதிவேற்றச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால் அதற்கே போங்கள், கூட ஒரு சக ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு. வீடியோ பார்த்துப் பொத்தானை அழுத்துவது மட்டும்தான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு பாட ஆய்வைத் தொடங்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும் அந்த எட்டுப் பத்துக் கேள்விகளை மின்சாரப் பாடம் தொடங்குமுன் இந்த வாரமே கொடுத்து வாங்கிவிடுங்கள். பாடம் எடுத்தபின் முன்தேர்வு நடத்த முடியாது.

அன்புடன்