கடற்கரைக் கிராமத்தில் இருந்துகொண்டு, ஊருக்குத் தெரியாமல் கணவரை ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட விரும்புகிறவர்களின் அமைப்பு) கூட்டத்திற்கு அழைத்துப் போக முடியுமா?

முடியும். உங்கள் கணவரும் கடல் தொழிலுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ராமேசுவரம் பக்கம் விசைப்படகில் போகிறவர். அவர் போகும் கூட்டம் எது, அங்கே யார் வருகிறார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டேன். அது மற்றவர்களின் ரகசியம்.

கூட்டத்தைத் தேடும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். தினமும் குடிக்கிறவர் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. "கடலுக்குள் போனால் சரக்குக்கு எங்கே போவான், தானாக நின்றுவிடும்" என்று எங்கள் பக்கம் பெரியவர்களே சொல்வார்கள். ஆனால் நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் கை நடுக்கத்தோடு வலிப்பும் வரலாம். அதன் பிறகு புத்தி குழம்பி, இல்லாத ஆள்களெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து. நடுக்கடலில் அப்படி ஆனால் கரை சேரவே பல மணி நேரம் ஆகும். ஆகையால் முதலில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் பேசுங்கள். ஏ.ஏ. மருத்துவம் செய்கிற இடமன்று. சிகிச்சைக்குப் பின் குடிக்காமல் இருக்கத் துணை நிற்கிற இடம்.

பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை அந்த மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் தொடர்பு எண்ணில் பேசிவிடுவது நல்லது. தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடந்தால் மதக் கூட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய இந்த அமைப்பு எந்த மதத்தையும் சேர்ந்ததன்று. கடவுளைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி. சேருவதற்குக் கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே இயன்றதைப் போடுகிறார்கள்.

ஊரார் கண்ணில் படுவோமோ என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. அதனாலேயே முதலில் மதுரையில் நடந்த ஒரு கூட்டத்திற்குப் போனோம். குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் அது. மூடிய கூட்டமாக இருந்தால் குடிநோயாளிகள் மட்டுமே உள்ளே போவார்கள். சிகிச்சை முடிந்து வந்திருந்தும் அவருக்குக் கை நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. தேநீர் கொடுத்தவர் எல்லோருக்கும் தம்ளர் நிறைய ஊற்றிவிட்டு, இவருக்கு மட்டும் பாதி ஊற்றிக் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் மறுபாதியை ஊற்றினார். காரணம் சொல்லவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கி, தம் கதையைப் பகிர்ந்துகொண்டார்கள். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. அன்று இவர் வாய் திறக்கவில்லை. பேச வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் திரும்பும் வழியில், பரமக்குடி தாண்டியதும், "அந்த மனுசன் சொன்னது அப்படியே என் கதை" என்றார். நான் வருடக் கணக்கில் அழுதும் சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. ஏலக்கூடத்து வாசலில் அவர் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. இனி எந்த மானத்தைக் காக்க ஒளிய வேண்டும் என்று அதன் பிறகு அவரே கேட்டார்.

நேர்ச்சையை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மாலை போட்டும், தர்காவில் நேர்ந்துகொண்டும், மாதா கோயிலில் சத்தியம் செய்தும் குடியை விட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிறார்களே, அந்தப் பொடியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒவ்வாத டைசல்பிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அதை உண்டவர் தெரியாமல் குடித்தால், வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்து இரத்த அழுத்தம் இறங்கிவிடும், உயிரும் போகலாம். அந்தப் பொடியை என் கையில் திணித்த உறவினர்தான், "பெண்டாட்டி சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கப் போகிறான்" என்றும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் அமைப்பில், குடிக்குக் காரணம் நீங்கள் அல்ல, அதைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் உங்களால் ஆகாது என்று சொல்லித் தருகிறார்கள். நீங்களும் அதைக் கேட்க வேண்டும்.

எப்போது கூட்டத்திற்குப் போகத் தொடங்குவது என்றால், மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் படகு கரையில்தான் நிற்கும். வேலையும் வருமானமும் இல்லாமல் குடி கூடுகிற காலமும் அதுவே. ஆனால் ஒரு கூட்டமும் தவறாமல் போகக்கூடிய காலமும் அதுதான். அதன் பிறகு, டோக்கன் (கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்காத, கடலுக்குப் போகாத நாளில் நடக்கிற கூட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தொழில் நாளில் தவறிப்போனால் கைப்பேசி வழியாக நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன. நடுவில் ஒருமுறை குடித்துவிட்டாலும் கூட்டத்தை நிறுத்த விடாதீர்கள், இவரையும் அவர்கள் அப்படித்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கூட்டம் மாலையில் நடக்கிறதென்றால் எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே கேட்டு, ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து எப்போது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.