சுவரடியில் வெள்ளையும் கறுப்பும்: எது பூஞ்சணம்?

உங்கள் வீட்டுச் சுவரடியில் வெள்ளையும் கறுப்பும் வந்திருக்கிறது, எது பூஞ்சணம் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளையாய்ப் பொங்கி மாவாக உதிர்வது பெரும்பாலும் உப்பு. அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் படர்ந்திருப்பதுதான் பெரும்பாலும் பூஞ்சணம்.

மாரி தொடங்கியதும் இரண்டும் ஒரே சுவரில் வந்ததாகவும், நிலத்திலிருந்து இரண்டடிக்கு மேல் ஏறவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை இல்லாமல் நிலத்து ஈரம் மேலேறுகிறது என்றுதான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பழைய கற்சுவர்களில் இது வழமை.

1. வெள்ளையில் தண்ணீர் தெளியுங்கள். கரைந்தால் உப்பு.

2. கறுப்பில் ஒரு துளி பிளீச் விடுங்கள் (1 பங்குக்கு 16 பங்கு தண்ணீர்). ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம், மாறாவிட்டால் அழுக்கு அல்லது புகைக்கரி.

3. முக்கியமானது இதுதான். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, 2 நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்தால் காற்றோட்டம் போதாது. அலுமாரியை அரை அடி தள்ளி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

ஈரத்தின் காரணம் தெரிந்து சுவர் காயும்வரை தயவுசெய்து பெயின்ற் அடிக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் அதைத் தள்ளி உரித்துவிடும்.

கறுப்பு 10 சதுர அடியைத் தாண்டினால், சீலிங்குக்குள் போயிருந்தால், அல்லது கழுவிக் காயவைத்தும் திரும்ப வந்தால், ஈரமானியோடு வந்து பார்க்கக்கூடிய கட்டடப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். வீட்டில் தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருந்தால் சிறிய படர்வையும் அவர்கள் சுரண்டக்கூடாது.

பிளீச்சைக் கழிவறை அசிற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு வரும்.