தத்தெடுத்த கினிப்பன்றி சொறிந்துகொண்டே இருக்கிறது, முதுகில் முடி கொட்டுகிறது. வேப்பெண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். நான் தடவினவள், அதனால் சொல்கிறேன். வேப்பெண்ணெயைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தலைக்கு இன்றும் அதுதான்.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். போன ஜூலையில், மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் தங்கள் கினிப்பன்றியை எங்களிடம் விட்டுப் போனது. என் மகள் முந்திரி என்று பேர் வைத்தாள். வரும்போதே முடி சொரசொரவென்று இருந்தது. புது இடம், பயந்திருக்கும் என்று நினைத்தேன். நாலாம் நாள் கூண்டுத் துணியில் ரவை தூவினாற்போல் வெள்ளைச் செதில். மழைக்காலத்தில் இங்கே உள்பாவாடையே மூன்று நாள் காயாது. ஈரத்தில் வந்த படர்தாமரைதான் என்று நானே முடிவு கட்டினேன். மாமியாரும் போனில் வேப்பெண்ணெய் என்றார். ஒரு வாரம் தடவினேன்.

ஒரு ராத்திரி தோளில் கை வைத்ததும் முந்திரி தலையைப் பின்னால் வளைத்து, பின்னங்காலால் காற்றைச் சொறிந்து, அப்படியே சாய்ந்து வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து மகள் அழுதேவிட்டாள்.

பக்கத்து கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். மழையில் டாக்ஸி பிடித்து, முயல், கிளியெல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனோம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ட்ரிக்ஸகாரஸ் கேவியே என்கிற சிரங்கு உண்ணி. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் வளை தோண்டும். அரிப்பு தாங்காமலே கினிப்பன்றிகளுக்கு இழுப்பு வருமாம். சமையலறைத் தராசில் போடுகிற எடைதான், 640 கிராம். அதற்குக் கணக்குப் பார்த்து ஐவர்மெக்டின் என்கிற உண்ணி மருந்தை ஊசியாகப் போட்டார். உண்ணியின் முட்டைகளை அது கொல்லாது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. தயவுசெய்து நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்க்காதீர்கள். வாய்வழி அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாட்டிக்கை யார் எழுதிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். குடலைக் கெடுத்துக் கொன்றே விடும்.

மூக்கையும் காதையும் சுற்றிச் செதிலோடு முடி போயிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், உங்கள் கைக்கும் ஒட்டும். காதுக்குப் பின்னால் மட்டும் வழுக்கை என்றால் பிறவியிலேயே அப்படித்தான். அதைக் காட்டி டாக்டரைச் சிரிக்க வைத்தேன். நம்மைப் போலவே இதுகளுக்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது, குறைந்தால் முடி, தோல் எல்லாம் கெடும். தினம் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுக்கிறேன்.

இதற்கு நடுவில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில், 'சிலர் வீட்டில் எலி வளர்க்கிறார்கள்' என்று ஒரு புகார். தமிழில் கினிப்பன்றிக்குச் சீமைப் பெருச்சாளி என்று பேர், அதைப் போய் இவர்களிடம் சொன்னால் தீர்ந்தது. கீழே குப்பை அறையில் பூனையே பயப்படுகிற அசல் பெருச்சாளிகள் ஓடுகின்றன. மூன்று வருஷமாக எழுதிக் கொடுக்கிறேன், யாருக்கும் கண்ணில் படவில்லை. இதில் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஏறுகிறது.

ஆமாம், சொல்ல மறந்தேன். உங்களிடம் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஊசி போடுங்கள், ஒன்று சொறியாவிட்டாலும். கூண்டுத் துணியை வெந்நீரில் அலசுங்கள். அது ஒளிந்துகொள்கிற அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியுங்கள்.