வாஷிங்டன் யாருடைய பெயர்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஆர்.எம்.எஸ்.ஸில் 31 வருஷம் தபால் பிரித்தவன். இப்போது ஓய்வு. என் மகளுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்த அன்றே என் மைத்துனர் சென்னையிலிருந்து வாஷிங்டனுக்கு டிக்கெட் பார்த்துப் பணம் கட்டப் போய்விட்டார். நல்லவேளை, மகள் பார்த்துத் தடுத்தாள். அவள் போகவேண்டிய இடம் சியாட்டில், அமெரிக்காவின் அந்தக் கோடி. முகவரி படிப்பதே தொழிலாக இருந்த எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

அதிலிருந்து தேட ஆரம்பித்தேன். தலைநகரம் வாஷிங்டன், மாநிலம் வாஷிங்டன், மலை வாஷிங்டன், நடிகர் டென்சல் வாஷிங்டன். நடிகர் கறுப்பினத்தவர், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வெள்ளைக்காரர். இவர் அவருடைய வம்சமா? அல்லது அடிமைகளுக்கு எஜமானர்கள் தங்கள் பெயரைச் சூட்டிவிட்டார்களா? அப்படியானால், விடுதலை கிடைத்து இத்தனை காலம் ஆகியும் அந்தப் பெயரை ஏன் சுமக்கிறார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)
திருநெல்வேலி

அன்புள்ள ஐயா,

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. 'வழி' போடாமல் வெறும் புதுப்பட்டி என்று எழுதி வந்த கடிதங்கள் எத்தனையோ உங்கள் கையைக் கடந்து போயிருக்கும். அமெரிக்காவில் வாஷிங்டனும் அப்படித்தான். நம் மாவட்டம் போல அங்கே இருப்பது கவுண்டி. வாஷிங்டன் என்ற பெயரில் கவுண்டிகள் மட்டுமே 30 இருக்கின்றன.

சியாட்டில் குழப்பத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1852இல் அந்தப் பக்கம் குடியேறியிருந்தவர்கள் ஓரிகன் பிரதேசத்திலிருந்து தங்களைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். அங்கே ஓடும் ஆற்றின் பெயரை வைத்துக் 'கொலம்பியா' என்று கேட்டிருந்தார்கள். தலைநகரம் இருக்கும் பகுதிக்கு ஏற்கெனவே கொலம்பியா என்று பெயர் இருக்கிறதே, இரண்டும் குழம்புமே என்று சொல்லி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் கென்டக்கி மாநில உறுப்பினர் ரிச்சர்ட் ஸ்டான்டன் அதை வாஷிங்டன் என்று மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டார்கள். 1853இல் தனிப் பிரதேசம், 1889இல் மாநிலம். குழப்பம் வரக்கூடாது என்று வைத்த பெயர்தான் உங்கள் மகளைச் சுமார் 3,700 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடப் பார்த்தது.

பல்கலைக்கழகங்களையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து யாராவது உங்களிடம் கேட்கலாம். உங்கள் மகள் சேரப்போவது 1861இல் தொடங்கிய மாநிலப் பல்கலைக்கழகம். மிசூரியில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வேறு. குழப்பம் தாங்காமல் அவர்கள் 1976இல் செயின்ட் லூயிஸ் என்ற ஊர்ப்பெயரையும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். தலைநகரத்துக்குள்ளேயே இருப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம். 1821இல் கொலம்பியன் கல்லூரியாகத் தொடங்கியது, 1904இல் இந்தப் பெயருக்கு மாறியது.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாண்டுக்குப் பக்கத்தில், வாஷிங்டன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஹ்வஸ்ஸா என்ற ஒருவருடைய ஆட்களின் குடியிருப்பு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 'டன்' என்று முடிகிற பழைய ஆங்கில ஊர்ப்பெயர்கள் பலவற்றில் அந்த விகுதிக்கு வேலி போட்ட இடம், பண்ணை, குடியிருப்பு என்று அர்த்தம். நம் 'பட்டி' செய்யும் வேலை. டர்ஹம் பிஷப்பின் நிலங்களை 1183இல் கணக்கெடுத்த ஏட்டில் வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் வருகிறார். ஹார்ட்பர்ன் கிராமத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக இந்த ஊரை வாங்கிக்கொண்டவர். ஊர் மாறியதும் பேரும் மாறியது. அதுவரை ஹார்ட்பர்ன்காரராக இருந்தவர் வாஷிங்டன்காரர் ஆனார். அந்தக் குடும்பத்தின் முதல் வாஷிங்டனுக்கே அது பிறப்போடு வந்த பெயர் இல்லை, அவர் நடுவில் எடுத்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் வழியில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரி. 1539இல், மடாலயங்களைக் கலைத்து அரசர் நிலங்களை விற்றபோது, நார்த்தாம்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற இடத்தை வாங்கினார். அவருடைய வம்சத்தில் ஜான் வாஷிங்டன் என்ற இளைஞர் 1650களில் புகையிலைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வர்ஜீனியா போனார். திரும்பும்போது பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரை தட்டியது. அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ். ஜார்ஜின் மவுண்ட் வெர்னன் வீடு அதே ஆற்றங்கரையில் இருக்கிறது. 1791இல் அவர் பெயரைச் சூட்டிய தலைநகரமும் அதே ஆற்றங்கரையில்தான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

ஜார்ஜ், மார்த்தா தம்பதிக்குப் பிள்ளை கிடையாது. இன்று அவர் பெயரோடு இருப்பவர்கள் யார்? 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் 10க்கு 9 பேர் கறுப்பினத்தவர். அந்தப் பெயரை ஆட்களின் பெயராக இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

எஜமானர்கள் சூட்டினார்களா என்று கேட்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் குடும்பப்பெயர் சூட்டும் அளவுக்கு எஜமானர்கள் அக்கறைப்படவில்லை. 1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் மவுண்ட் வெர்னன் அடிமைகளைப் பட்டியல் எடுத்தார். 317 பேர். பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர், பக்கத்தில் என்ன வேலை என்ற குறிப்பு, அவ்வளவுதான். குடும்பப்பெயர் கொடுத்தால் குடும்பம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தாயைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் விற்கிற ஏற்பாட்டில் அதற்கு இடம் ஏது? அந்த 317 பேரில் தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கச் சொல்லி ஜார்ஜ் உயில் எழுதிவைத்தார். 1801 ஜனவரி முதல் தேதி மார்த்தா அவர்களை விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவருடைய சொத்திலிருந்து வந்த 153 அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அந்த உயிலுக்குக் காத்திராத ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் ஹாரி. ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பக்கம் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் அவரை விலைக்கு வாங்கினார். சதுப்பு நிலத்தை வடிகட்டும் வேலை, அப்புறம் மவுண்ட் வெர்னனில் குதிரை லாயம். 1771இல் ஒருமுறை தப்பி ஓடி அகப்பட்டுக்கொண்டார். 1776இல், அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, மறுபடி ஓடினார், நேராக எதிரியான பிரிட்டிஷ் படைக்கு. பிரிட்டிஷார் பக்கம் வந்துசேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவிப்பு வந்திருந்த நேரம் அது. போர் முடிந்தது, பிரிட்டிஷார் தோற்றார்கள். 1783 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனை நேரில் சந்தித்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். விடுதலை தருவதாகக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்துவிட்டார்.

அதே வருஷம் ஜூலையில், நியூயார்க்கை விட்டுக் கப்பல் ஏறும் கறுப்பினத்தவர்களைப் பிரிட்டிஷ் எழுத்தர்கள் ஒவ்வொருவராகப் பேரேட்டில் பதிந்தார்கள். அதில் ஒரு வரி: ஹாரி வாஷிங்டன், வயது 43, திடகாத்திரமான ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, 7 வருஷத்துக்கு முன் அவரை விட்டு வந்தவர். ஒரே வரியில் அந்தப் பெயர் இரண்டு முறை வருகிறது, ஒன்று ஆளுக்கு, இன்னொன்று அந்த ஆளை வைத்திருந்தவருக்கு. எனக்கு அந்த வரியை மறக்க முடியவில்லை. இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கு ஹாரி போனார். அங்கே நிலமும் சரியாகக் கிடைக்காமல், 1792இல் சுமார் 1,200 பேரோடு ஆப்பிரிக்காவுக்கே திரும்பி, சியரா லியோனில் ஃப்ரீடவுன் போய்ச் சேர்ந்தார். 1800இல் நில வரியை எதிர்த்து அங்கே எழுந்த கலகத்தில் சேர்ந்ததற்காக நாடுகடத்தினார்கள். தன் பெயரில் அரசாங்கத்தோடு மோதிய மனிதர். அவரைப் பார்த்துப் பெயரைச் சுமந்தார் என்று எப்படிச் சொல்வது?

இன்னொருவர் புக்கர். இவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1856இல் வர்ஜீனியாவில், பரோஸ் என்பவரின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானர் இறந்தபின் 1861இல் எடுத்த சொத்துக் கணக்கில் மாடு, பாத்திரங்களோடு சேர்த்துப் பையன் புக்கருக்கும் விலை போட்டிருக்கிறார்கள், 400 டாலர். நீங்கள் நினைத்தது சரியாக இருந்தால் இவர் புக்கர் பரோஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

விடுதலை வந்ததும் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊருக்குப் போனது. மாற்றாந்தகப்பனாருக்கு உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை. ஒவ்வொரு தொழிலாளியின் பீப்பாய்க்கும் ஒரு எண் போடுவார்கள். இவர்களுக்கு 18. புக்கர் முதன்முதலில் அடையாளம் தெரிந்துகொண்ட எழுத்து அந்த 18தான். விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரை ஆலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக அனுமதி வாங்கினார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரண்டு சங்கடம். மற்றப் பிள்ளைகள் தொப்பி போட்டு வந்தார்கள், இவருக்கு இல்லை. கடையில் வாங்கக் காசு கிடையாது. அம்மா முரட்டுத் துணி இரண்டு துண்டை ஒன்றாகத் தைத்துத் தொப்பி செய்துகொடுத்தார். இரண்டாவது சங்கடம் பெயர். வாத்தியார் வருகைப் பதிவேட்டைக் கூப்பிடும்போது எல்லோருக்கும் குறைந்தது இரண்டு பெயர் இருந்தது, சிலருக்கு மூன்று. இவருக்கோ புக்கர் மட்டும். தன் முறை வருவதற்குள் யோசித்துவைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி, நிதானமாக 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னார். மாற்றாந்தகப்பனாரின் முதற்பெயர் வாஷிங்டன், முழுப்பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். தொப்பியை அம்மா தைத்துத் தந்தார், பெயரை அவரே தைத்துக்கொண்டார். அம்மா தனக்கு டாலியஃபெரோ என்றும் பெயர் வைத்திருந்தது பிற்பாடு தெரியவந்தபோது அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். 1881இல் டஸ்கீகி கல்விக்கூடத்தைத் தொடங்கி வளர்த்த புக்கர் டி. வாஷிங்டன் இவர்தான். 1901இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவரை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தார்.

விடுதலையான புதிதில், பழைய எஜமானரின் பெயரை வைத்துக்கொள்வது சரியில்லை என்ற எண்ணம் தன் மக்களிடம் பரவலாக இருந்தது என்று இவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதுவரை 'ஜான்', இல்லாவிட்டால் 'ஹாட்ச்சரின் ஜான்'. உடைமைக்காரரைச் சொல்லும் அந்த ஆறாம் வேற்றுமையைக் கழற்றி எறிந்துவிட்டு 'ஜான் எஸ். லிங்கன்' என்று வைத்துக்கொண்டார்களாம். 'எஸ்' எதற்கும் சுருக்கம் இல்லை. இனிஷியல் தனக்கும் உண்டு என்பதற்காக வைத்தது. நம்மில் இனிஷியல் போடாமல் கையெழுத்துப் போடாத தலைமுறைக்கு இது புரியும்.

பழைய எஜமானரின் பெயரையே வைத்துக்கொண்டவர்களும் உண்டு, சகோதர சகோதரிகள் தேடி வந்தால் கண்டுபிடிக்க வசதி என்பது உட்படப் பல காரணங்களுக்காக. ஆனால் வாஷிங்டன் என்று பதிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மவுண்ட் வெர்னனோடு சம்பந்தம் கிடையாது. இந்த நாட்டின் முதல் குடிமகன் பெயர் எதுவோ அது எனக்கும் ஆகும் என்று எடுத்துக்கொண்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன். 1183இல் ஹார்ட்பர்ன்காரர் ஊரை மாற்றிக்கொண்டு எடுத்த பெயர்தானே. அவருக்கு இருந்த உரிமை இவர்களுக்கு இல்லையா? அதனால்தான் 'சுமக்கிறார்கள்' என்ற சொல் எனக்கு உறுத்தியது. தவறாக நினைக்கமாட்டீர்கள்.

உங்கள் மகளின் முகவரிக்கு வருகிறேன். சியாட்டில் இருப்பது கிங் கவுண்டியில். 1852இல் அந்தப் பெயரை வைத்தது வில்லியம் கிங் என்பவருக்காக. துணை ஜனாதிபதியாகத் தேர்வானவர், அடிமைகளை வைத்திருந்தவர். 1986இல் கவுண்டி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது: பெயர் கிங்தான், ஆனால் இனிமேல் அது மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும். 2005இல் மாநிலமும் அதைச் சட்டமாக்கியது. கவுண்டியின் சின்னத்தில் இருந்த கிரீடத்தை எடுத்துவிட்டு 2007இல் அவர் முகத்தைப் போட்டார்கள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஒரு தபாலும் திரும்பி வந்திருக்காது. சியாட்டிலில் ஓடுகிற பஸ்களை நடத்துவது அந்தக் கவுண்டிதான். முதல் தடவை ஏறும்போது அந்த முகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்