ஸ்க்ரைப் வேலைக்குக் கையெழுத்தை விடக் காது முக்கியம்

கேள்வி: வயது 44. தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலை. பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் ‘ஸ்க்ரைப்’ ஆக ஆசை. யாரைக் கேட்பது, என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் லீவுக் கணக்கைப் பாருங்கள். செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர்–டிசம்பரிலும் ஏப்ரல்–மேயிலும், அதுவும் வேலைநாட்களில்தான் வரும். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். ஆக, 3 மணி நேரத் தாள் 4 மணி நேரம் ஓடும். போகவர, படிவத்தில் கையெழுத்துப் போட என்று ஒரு நாளே போய்விடும்.

பக்கத்துக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு மாதம் முன்பே பெயர் கொடுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஸ்க்ரைபின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. நீங்கள் பி.காம். என்றால் பி.காம். தாளுக்கு விடமாட்டார்கள், எம்.ஏ. வரலாற்றுக்கு விடலாம். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு ஆசிரியர்களையே போடுகிறார்கள், அங்கே அலைய வேண்டாம்.

ஹாலில் உட்கார்ந்ததும் பேனாவைத் திறக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் வினாத்தாளை மதிப்பெண்ணோடு முழுக்க வாசியுங்கள். பெரிய கேள்விகளில் ‘11 அ’ கீழே ‘அல்லது’ என்று ‘11 ஆ’ இருக்கும். ‘அ’வை வாசித்த கையோடு மாணவர் பதிலைத் தொடங்குவார், நீங்களும் எழுதிக்கொண்டே போவீர்கள். அவர் நன்றாகப் படித்தது ‘ஆ’வாக இருக்கும். மதிப்பெண் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

‘ஏ பிளஸ் பி ஸ்கொயர்’ என்று சொன்னால் ஸ்கொயர் பி-க்கு மட்டுமா, இரண்டுக்கும் சேர்த்தா? அடைப்புக்குறி திறப்பதையும் மூடுவதையும் வாய்விட்டுச் சொல்லும்படி முதல் நாளே போனில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் சின்ன ‘ல’வா, பெரிய ‘ள’வா என்று கேட்டே எழுதுங்கள். நடுவில் அவர் நின்றுவிட்டால் கடைசி வரியைத் திரும்ப வாசித்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். கணக்குப் பிரிவுக்காரருக்கு இதுதான் பெரிய சோதனை! ‘ம்ம்?’ என்று இழுத்தாலே அது குறிப்பு. கண்காணிப்பாளர் காதில் விழுந்தால் மாட்டுவது மாணவர்.

லீவு உறுதியாகாமல் தேதி கொடுக்காதீர்கள். அனுமதி உங்கள் பெயரில் வாங்கியது. காலையில் ‘வர முடியலை’ என்றால் வேறு ஆளைப் பிடித்து, அவருக்கு அனுமதி வாங்குவதற்குள் மணி அடித்துவிடும்.

கேள்வி: எனக்கு லீவே கிடைக்காது. வேறு வழி?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படிச் செய்ய 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. எந்தப் பாடம் வேண்டும் என்று மாணவரிடமே கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு. பக்கம் மாறும்போதெல்லாம் எண்ணைச் சொல்லுங்கள். அட்டவணை வந்தால் எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று சொல்லிவிட்டு, வரிசை வரிசையாக வாசியுங்கள். ‘படத்தைப் பார்க்க’ என்று இருந்தால் தாண்டிப் போகாமல் படத்தில் இருப்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள்.